துப்பாக்கி கண்ணில் படாத பாதை

என் மனுசன் ஒரு பயந்தாங்கொள்ளி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். ஊர் என்றால் இங்கே லண்டனில் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சனம். டிராமிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் குறைந்தது மூன்று தெரிந்த முகங்களாவது மறிக்கும். “மகளுக்கு எத்தினை மாசம், எப்ப போறியள்?” என்று கேட்பார்கள். “நான் எப்பவோ ரெடி. இவர்தான் அமெரிக்கா எண்டாக் காய்ச்சல் வந்து படுக்கிறார்” என்று மூன்று பேரிடமும் சொல்லுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், நான் மதியச் சாப்பாடு பரிமாறுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். லண்டனில் நல்ல வேலையில் இருந்தவள், கலியாணம் கட்டிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போனாள். மருமகன் அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொடியன், தங்கமான பிள்ளை. கலியாணம் இங்கேதான் நடந்தது. அதனால் நாங்கள் இருவரும் அமெரிக்காவை எட்டிப் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாகக் கூப்பிட்டாள். மூன்று வருடமும் இவர் ஒவ்வொரு சாட்டுச் சொன்னார். லீவு இல்லை, முழங்கால் சரியில்லை, டெப்போவில் ஆள் குறைவு. இவர் பேருந்து ஓட்டுநர். டெப்போவில் ஆள் எப்போதும் குறைவுதான்.

பிறகு அவள் பிள்ளைத்தாச்சியானாள். வீடியோவில் அதைச் சொன்னபோது நான் அழுதேன், இவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

“இந்த முறை ஒரு சாட்டும் வேண்டாம். பிள்ளை பிறக்கேக்கை எனக்கு அம்மா பக்கத்திலை வேணும். அப்பாவும் வேணும்” என்றாள்.

“வராமல் விடுவமே?” என்றேன் நான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் சந்தோசத்தில் கதையை நீட்டினாள். அன்று காலை கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் ஒருவன் இடுப்பில் கைத்துப்பாக்கியை எல்லாருக்கும் தெரியச் செருகியபடி அவனும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தானாம்.

“பொலிசோ பிள்ளை?” என்று கேட்டார் இவர்.

“இல்லை அப்பா, சும்மா ஒரு ஆள். எங்கட பக்கத்திலை அது சட்டப்படி சரி. ரோட்டைக் கடந்து சிட்டிக்குள்ளை போனால் அதுக்கு லைசன்ஸ் வேணும். இஞ்சை இப்பிடித்தான், இடத்துக்கு இடம் வேறை வேறை சட்டம்.”

எனக்கு அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பிள்ளை, நான் வரேல்லை. துவக்கோடை கடைக்கு ஆக்கள் வாற ஊருக்கு என்னாலை வர ஏலாது. எனக்குப் பயம்.”

இப்படி ஒரு தகப்பன் சொல்லுவானா? எனக்குக் காலில் சுடுதண்ணீர் ஊற்றினதுபோல இருந்தது. திரையில் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனதை நான் கண்டேன். “சரி அப்பா, யோசியுங்கோ” என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் இவரை விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது ஒரு குத்தல், எடுக்கும்போது ஒரு குத்தல். ஹீத்ரோவுக்கு யாரையாவது கூட்டிவரப் போனாலும் இந்த மனுசன் இப்படித்தான். பெரிய துப்பாக்கியோடு இரண்டு பொலிஸ்காரர் அந்தப் பக்கம் நடந்து வந்தால் போதும், இவருக்கு உடனே தேத்தண்ணி குடிக்கவேணும். என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். லண்டனில் ரோட்டில் நிற்கிற பொலிஸ்காரரிடம் துப்பாக்கியே கிடையாது. விமான நிலையத்திலும் தூதரகத்து வாசலிலும் மட்டும்தான் அதைக் காணலாம். அதையே தாங்காதவர், இடுப்பில் செருகிக்கொண்டு தக்காளி வாங்குகிற ஊரில் எப்படித் தாங்குவார்?

வெஸ்ட் ஈலிங் கோயில் தேரன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ரோடு முழுக்கச் சனம். வெயில் நல்லாய் எறித்தது. லண்டனின் மற்றக் கோடியில் பிளேஸ்டோவில் இருந்து வந்திருந்த என் சிநேகிதி, “என்ன, மகளின்ரை பேறுக்கு ரெண்டு பேரும் போறியள்தானே?” என்று கேட்டாள். இவர் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்.

“எங்கட வீட்டு வீரரைக் கேளும்” என்றேன். “அமெரிக்காவிலை சனம் துவக்குக் கொண்டு திரியுதாம். இவருக்கு இஞ்சை இருந்தே கால் நடுங்குது. பெத்த பிள்ளையைப் பாக்கிறதை விட இவருக்கு உயிர் பெரிசு.”

சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். சிநேகிதி, “மெய்யே அண்ணை, பயமோ?” என்றாள்.

“ஓம் தங்கச்சி, பயம்தான்” என்றார் இவர். சிரித்துக்கொண்டே சொன்னார். என்னிடம் தண்ணீர்ப் போத்தலைத் தந்து, “குடியும், நல்ல வெயில்” என்றார்.

எனக்கு அதுதான் கூடக் கோபம். பதிலுக்கு இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் நான் தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டாயிற்று, பிள்ளை பெத்தவளுக்குக் கறி வைக்கிற பேற்றுச் சரக்கும் வறுத்து அரைத்துக் கட்டியாயிற்று, பிளேன் ரிக்கற் எடுக்கிறது மட்டும்தான் பாக்கி.

“நீர் தனியப் போக ஏலாது” என்றார்.

“ஏன் ஏலாது? ஆமிக்காரனுக்கு முன்னாலை நிண்டு வளந்தவள் நான். தக்காளி வாங்க வாறவனுக்குப் பயப்பிடுவனோ?”

“நீர் தனியப் போக ஏலாது” என்று திரும்பவும் அதையே சொன்னார். ஒற்றைக் காலில் நின்றார். சாதாரணமாக என் சொல்லுக்கு எதிர்ச் சொல் சொல்லாத மனுசன் அன்று நான் தலைகீழாக நின்றாலும் அசையவில்லை. நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு மேலே போய்விட்டேன்.

அடுத்த கிழமை மகள் போன் போட்டாள். இவர் வேலைக்குப் போயிருந்த நேரம். சுற்றி வளைக்காமல் கேட்டாள்: “அம்மா, அப்பாக்கு நான் இஞ்சை வந்தது பிடிக்கேல்லையோ? அதுதான் துவக்கைச் சாட்டுறாரோ?”

“சீ, விசர்க் கதை கதையாதை” என்றேன். ஆனால் அவள் அழுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு, தகப்பனுக்குத் தான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்து அழுகிறாள். பின்னேரம் இவர் வந்ததும் அதை அப்படியே சொன்னேன். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது.

இவர் சப்பாத்தைக் கழற்றாமல் படிக்கட்டிலேயே இருந்துவிட்டார். பிறகு, “ரெண்டு பேரும் போவம். ஆனா நான் சொல்லுற பாதையாலைதான் போகவேணும், நான் சொல்லுற கடைக்குத்தான் போகவேணும்” என்றார்.

பேருந்து ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது வழித்தடம் கிடைத்தால் எடுத்தவுடன் ஓட்டமாட்டார்கள். முதலில் அந்தப் பாதையைப் படிப்பார்கள். எந்தப் பாலம் கூரை தட்டுகிற அளவுக்குப் பதிவு, எந்த மூலையில் திரும்ப இடம் காணாது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் பார்க்காமல் குதிக்கும், எல்லாம் மனத்தில் ஏறிய பிறகுதான் ஸ்டியரிங்கில் கை வைப்பார்கள். இவர் அமெரிக்காவை அப்படிப் படிக்கத் தொடங்கினார். நூலகத்தில் பெரிய தாளில் வரைபடம் அச்சடித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். மகள் பள்ளிக்கூடத்தில் பாவித்த நிறப் பேனாக்களை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

எனக்கு இந்தச் சட்டங்கள் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாடு, ஒரு கொடி, பிறகென்ன ஆளுக்கொரு சட்டம்? இவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

“இஞ்சை பாரும். நியூயோர்க், நியூ ஜெர்சி, இல்லினோய், இதுகளிலை துவக்கை வெளியிலை தெரியக் கொண்டு திரிய ஏலாது. டெக்சாஸ், அரிசோனாவிலை ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. கொலராடோ என்ன சொல்லுதெண்டால், அந்தந்த ஊர் தானே முடிவெடுக்கட்டும் எண்டு. டென்வர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது.”

“எங்கட பிள்ளையின்ரை இடம்?”

“அதுதான் பெரிய கூத்து. மாநிலம் ஓம் எண்டுது. பிலடெல்பியா நகரத்துக்குள்ளை மட்டும் அனுமதிப் பத்திரம் வேணும். பிள்ளையின்ரை வீடு எல்லைக்கு வெளியிலை. ரோட்டுக்கு அங்காலை ஒரு சட்டம், இஞ்சாலை ஒரு சட்டம். அதே ஆள், அதே துவக்கு. ரோட்டு நடுவிலை கிடக்கிற மஞ்சள் கோட்டைக் கடந்தால் குற்றவாளி, திரும்பி வந்தால் நல்ல மனுசன்.”

இன்னொன்றும் சொன்னார். அந்த மாநிலத்தில் பத்திரம் இல்லாதவன் துப்பாக்கியைத் தெரியச் செருகிக்கொண்டு நடந்து போகலாம், ஆனால் அதோடு காரில் ஏறக்கூடாது. “அப்ப தக்காளி வாங்கினவன் நடந்தே வந்தவனோ?” என்றேன். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இது எல்லாம் அப்போது இருந்த சட்டம். இப்போது என்னவாக மாறியிருக்கிறதோ தெரியாது. அங்கே நீதிமன்றத்துக்குப் போய்ப் போய் மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று இவரே சொன்னார்.

வரைபடத்தில், துப்பாக்கியைத் தெரியக் கொண்டுதிரிய முடியாத இடமெல்லாம் பச்சை, பத்திரம் வேண்டிய இடம் மஞ்சள், கேட்பாரில்லாத இடம் சிவப்பு. பச்சைக்குள் இறங்கி, மஞ்சளைக் கடந்து, சிவப்புக்குள் எவ்வளவு குறைவாக நிற்கலாமோ அவ்வளவு குறைவாக நிற்பதாகத் திட்டம். பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் பழைய யாழ்ப்பாணக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. எந்த ரோடு எவருடைய கட்டுப்பாட்டில், எந்தச் சந்திவரைக்கும் போகலாம், எந்த நேரத்துக்குள் திரும்பவேணும் என்று அந்த நாளில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கன் எவனும் தன் நாட்டை இப்படிப் பார்த்திருக்கமாட்டான்.

பிறகு கடைகள். சட்டம் விட்டாலும் கடைக்காரர் தன் கடைக்குள் வேண்டாமென்று சொல்லலாமாம். இவர் வேலை முடிந்து வந்து, அங்கே காலை விடிந்ததும், மகள் வீட்டுக்கு அக்கம்பக்கத்துக் கடை ஒவ்வொன்றுக்கும் போன் போட்டார். லண்டன் பேருந்து ஆங்கிலத்தில், “குட் மோர்னிங், உங்கள் கடைக்குள் துப்பாக்கி தெரிய ஆட்கள் வரலாமா?” என்று கேட்பார். இரண்டு பேர் உடனே வைத்துவிட்டார்கள். ஒருவர் பொலிசுக்குச் சொல்லுவேன் என்றார். ஒரு பெண் மட்டும் நின்று கேட்டு, “கொண்டுவர வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம், தேனே” என்றாளாம். இவருக்கு வாயெல்லாம் பல்.

“தேனே எண்டு கூப்பிட்டவளோ? அப்ப அந்தக் கடைக்கு நான்தான் முதல் போவன்” என்றேன்.

அந்தக் கடைக்குப் பச்சைப் பேனாவால் இரண்டு தரம் வட்டம் போட்டார்.

புறப்பட்ட அன்றும் ஹீத்ரோவில் அதே கதைதான். துப்பாக்கிப் பொலிசார் இருவர் வந்தார்கள், இவர் தேத்தண்ணிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். “குடியுங்கோ, குடிச்சு நடுக்கத்தைத் தீருங்கோ” என்றேன். நியூ ஜெர்சியில் இறங்கினோம். மருமகன் வந்து ஏற்றினான். மகள் வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். தகப்பனைக் கண்டதும் அவள் அழுத அழுகையில் மூன்று வருடச் சாட்டும் கரைந்து போயிற்று. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனிப் பிள்ளை பிறக்கிறதுதான், வேறு கவலை இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இவர் சொன்ன கடைக்கே போனோம், சொன்ன ரோட்டாலேயே நடந்தோம். பிறகு ஒரு நாள் முற்பகல் பால் முடிந்துவிட்டது. வட்டம் போட்ட கடை பத்து நிமிடக் கார் ஓட்டம். கிட்டடியில் ஒரு கடை இருந்தது. அதற்கு இவர் வட்டம் போடவில்லை.

“ஒரு போத்தில் பாலுக்கு ஊர் சுத்தவேணுமோ? இவரின்ரை லிஸ்ற்றைக் குப்பையிலை போடு பிள்ளை” என்று நான்தான் சொன்னேன். இவர் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தானும் வருவதாகச் சொல்லிச் சப்பாத்தை மாட்டினார்.

கடையில் நடந்ததை நான் முழுவதும் சொல்லமுடியாது. வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒருவன் நின்றான். அவனுடைய தள்ளுவண்டியில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவன் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அதுவரைக்கும் எனக்கு நல்ல ஞாபகம். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, நான் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன். வரிசையில் வேறு ஒருவருமில்லை. என் கைப்பை திறந்து கிடக்கிறது. எங்கள் இருவரின் கடவுச்சீட்டுகளையும் பிரித்து, படம் தெரிய, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த மனிதன் திரும்பி, “உங்களுக்குச் சுகமில்லையா, அம்மணி?” என்று கேட்டான். நல்ல தன்மையாகத்தான் கேட்டான். நான் கடவுச்சீட்டுகளை இன்னும் கிட்ட நீட்டினேன். அவன் கடவுச்சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தன் இடுப்பைப் பார்த்தான். முகம் சிவந்துபோய்ச் சட்டையை இழுத்துத் துப்பாக்கியை மூடினான். அப்போது இவர் வந்தார். என் கையிலிருந்து கடவுச்சீட்டுகளை மெதுவாக எடுத்தார். அவனிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம், “பாத்தாச்சு, சரியாம். நாங்கள் போகலாம்” என்றார். சோதனைச் சாவடியில் நம்மை விட்டதும் சொல்லுவோமே, அதே சொல். அது காதில் விழுந்த பிறகுதான் என் கால் நகர்ந்தது.

காருக்குள் ஏறியதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த பேச்சு. “எல்லாம் உங்களாலை! பயம் பயம் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கும் ஒட்டவைச்சுப்போட்டியள்” என்று இவரைக் கடிந்தேன்.

மகள் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். “அம்மா, காணும். அப்பாக்குப் பயமே இல்லை. அவர் எல்லாம் உங்களுக்காகத்தான் சொன்னவர். போன மாசம்தான் எனக்கே சொன்னவர்.”

“என்ன விசர்க் கதை?”

இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஹீத்ரோவிலை அந்தப் பொலிசைக் கண்டால் நீர் கதைக்கிறதை நிப்பாட்டிப் போடுவீர். கை பைக்குள்ளை போயிடும். உமக்கே தெரியாது. ஒருக்கா உம்மட தம்பியைக் கூட்டப் போனபோது பாஸ்போட்டை வெளியிலை எடுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். பேந்து சுகர் இறங்கிப்போச்சு எண்டனீர். பிள்ளை அந்தத் தக்காளிக் கதை சொன்ன அண்டைக்கும், கறி அடிப்பிடிக்குது எண்டு ஓடினனீர். அடுப்பிலை ஒண்டும் இருக்கேல்லை.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உமக்குப் பயம் எண்டு சொல்லியிருந்தால் நீர் அண்டைக்கே தனிய பிளேன் ஏறியிருப்பீர்.”

அது உண்மைதான். நான் அப்படிப்பட்டவள்.

மகளுக்கு அதுவரை நான் சொல்லாத ஒரு விசயத்தை அன்றைக்கு அந்தக் காருக்குள் வைத்துச் சொன்னேன். எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினாறு. அவன் எல்லாவற்றையும் துலைக்கிறவன் என்று அவனுடைய அடையாள அட்டையையும் நானே என் பைக்குள் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆமிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. இரண்டு அட்டையும் என் கையில். அவன் மற்ற வரிசையில் வெறுங்கையோடு நின்றான். நான் அட்டையை உயர்த்தி உயர்த்திக் காட்டினேன், வரிசையை விட்டு அசைய விடவில்லை. அட்டை இல்லாதவன் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பதினொரு நாளைக்குப் பிறகு விட்டார்கள். இப்போது ரொறொன்ரோவில் இரண்டு பிள்ளைகளோடு நல்லாய் இருக்கிறான். அதைப்பற்றி என்னை ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை. ஆள்தான் திரும்பி வந்துவிட்டானே, பிறகென்ன, அது முடிந்த கதை என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மகள் என் முழங்காலில் கை வைத்தாள். பிறகு இவர்தான், “அந்தாள் பாவம். சட்டையாலை மூடினால் அதுக்கு வேறை சட்டம், அதுக்கும் பத்திரம் வேணும்” என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தோம்.

தேரன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாலு நாளாக வாய்வரைக்கும் வந்தது. வாய் நீளமானவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வெளியே வரவில்லை. அதற்குள் ஐந்தாம் நாள் மத்தியானம் மகளுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. குறித்த நாளுக்கு இரண்டு கிழமை முந்தி. மருமகன் வேலையிடத்தில், வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். இவர் காரை எடுத்தார். வாழ்நாளில் முதல் தரமாக ரோட்டின் வலப்பக்கத்தில் ஓட்டினார். வியர்த்து ஒழுகியது, ஆனால் ஒரு ஹோர்ன் சத்தம்கூட வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நகரத்துக்குள் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் முன் வாசலைத்தான் இவர் எங்களுக்கென்று தெரிவு செய்து வைத்திருந்தார். அங்கே ஒரு கிழவி மேசையில் இருந்து வழி சொல்லுவாள், அவ்வளவுதான். ஆனால் அவசரத்துக்கு வந்தவர்கள் பக்க வாசலால் போகவேணும். அங்கே சீருடையோடு ஒரு காவலாளி, இடுப்பில் துப்பாக்கி. பையைச் சோதிக்கிற இயந்திரம். மகளைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, எனக்குச் சொல்லக்கூட நேரமில்லாமல், தள்ளிக்கொண்டு கதவுக்கு அப்பால் போய்விட்டார்கள். அவளுடைய கைப்பை என் தோளில் கிடந்தது. லைசன்ஸ், ஆஸ்பத்திரி அட்டை, எல்லாம் அதற்குள்.

காவலாளி என்னைப் பார்த்துக் கையை நீட்டி, “அடையாள அட்டை, தயவுசெய்து” என்றான்.

என் கால் இரண்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவுக்கு அப்பால் என் பிள்ளை வெறுங்கையோடு போகிறாள், அவளுடையதெல்லாம் என்னிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. இவர் வந்து பக்கத்தில் நின்றார். என்னை இழுக்கவில்லை. தேத்தண்ணிக் கதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றார்.

“இஞ்சேருங்கோ” என்றேன். “எனக்குப் பயமாக் கிடக்கு.”

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

இவர் என் கையைப் பிடித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கை குளிர்ந்துபோய், என் கையைவிடக் கூட நடுங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கும்தான்” என்றார். “எப்பவும்தான். வாரும்.”

காவலாளி இரண்டு கடவுச்சீட்டையும் பார்த்து, எங்கள் நெஞ்சில் ஒட்டுகிற இரண்டு சீட்டுத் தந்து, “நல்லது நடக்கட்டும்” என்று கதவைத் திறந்துவிட்டான். பிடித்த கையை விடாமலே உள்ளே போனோம். நடையின் கடைசி அறையிலிருந்து, “அம்மா எங்கை? அம்மா வந்திட்டாவோ?” என்று பிள்ளை கத்துவது கேட்டது.

“வாறன் பிள்ளை” என்று நானும் கத்திக்கொண்டு ஓடினேன்.